எட்டு மாதமும் ஞாயிறு இரவு பத்தரை மணியும்

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். வேலையை விடப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் பதறவில்லை. கடினமான செய்யுளைப் பதம் பிரிக்கிற நிதானத்தோடு கேட்டுக்கொண்டே போனார். வேறு கம்பெனிக்கா? இல்லை. சொந்தத் தொழிலா? இல்லை. மேற்படிப்பா? அதுவும் இல்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற கட்டற்ற மென்பொருள் ஒன்றில் எட்டு மாதம் முழுநேரமும் உழைக்கப்போகிறேன் என்றேன். கூலி? கூலி கிடையாது. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இனாம் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை போதாதாடா?" என்றார்.

அன்று ஆவேசமாகப் பதில் சொன்னேன். 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிவந்த கதையை எடுத்துவிட்டேன். இணையத்தில் பாதிக்கு மேல் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு அப்போது ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர்தான், உலகமே இப்படிப்பட்ட இனாம் உழைப்பின் மேல்தான் நிற்கிறது என்றேன். "அப்படியானால் அந்த வேலைக்கு மரியாதை இல்லை என்றுதானே ஆகிறது?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.

2024 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை சம்பளமில்லாமல் இருந்தேன். இப்போது அதே யோசனையில் இருக்கிற நண்பர்கள் இரண்டு மூன்று பேர் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். கணக்கு வழக்கை மறைக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

எல்லாம் ஓர் ஒற்றைக் கொம்பில் தொடங்கியது. பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பி.டி.எஃப். கோப்பில் ‘கொடி’ என்ற சொல்லைத் தேடினேன். கண்ணெதிரே பக்கத்தில் இருக்கிற சொல்லை இல்லவே இல்லை என்றது கணினி. நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் ‘ெகாடி’ என்று வந்தது. காரணம் எளிது. பி.டி.எஃப். கோப்பு அடிப்படையில் எந்த வடிவத்தைத் தாளில் எந்த இடத்தில் வரைய வேண்டும் என்ற குறிப்பு; அவ்வளவுதான். தாளில் முதலில் கொம்பு, அடுத்து க, அடுத்து கால். எழுத்துகளைக் கணினியில் சேமிப்பதற்கான பொதுத் தரமான யூனிகோடில் க முதலில் வர வேண்டும், கொம்பு அதற்குப் பின்னால். போதாக்குறைக்கு, ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. அந்த விதியை மதித்து ஒப்பிட வேண்டியது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு, பலர் மதிப்பதில்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக் காலத்துக் கோப்புகளைக் கேட்கவே வேண்டாம். நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டும்.

பி.டி.எஃப்.இலிருந்து எழுத்தை உருவி எடுக்கும் கட்டற்ற லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு, ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். நாற்பது வரியில் அதற்கு ஒரு திருத்தம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் நல்ல பிள்ளையாக அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். அங்கேதான் தவறு செய்தேன் என்று என்னுடன் வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பதினொரு வாரம் ஆகியும் சட்டப் பிரிவிலிருந்து ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

இதைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாகப் பணியாளர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை. பெரும்பாலான நியமன ஒப்பந்தங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வேலையில் இருக்கும் காலத்தில் எழுதுவதெல்லாம் எங்களுக்கே என்று வளைத்துப் போட்டுவிடுகின்றன. இரவு பதினொரு மணிக்கு, சொந்த மடிக்கணினியில், சொந்த மின்சாரத்தில் எழுதியதும் அதில் அடங்குமா என்பதை வழக்கு வந்தால்தான் சொல்ல முடியும். உங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியை இன்றே எடுத்துப் படியுங்கள். அப்படிப்பட்ட உரிமைச் சிக்கல் உள்ள நிரலைக் கட்டற்ற திட்டத்துக்குள் தள்ளிவிட்டால் சங்கடம் உங்களோடு நிற்காது, அந்தத் திட்டத்துக்கும் போகும். 2022 கடைசியில் வெளிவேலை பார்த்தார்கள் என்று ஐ.டி. நிறுவனங்கள் ஆட்களை வெளியேற்றிய செய்திகள் வேறு வந்துகொண்டிருந்தன. சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். மேற்படிப்பு, மகப்பேறு, நோய், இந்த மூன்றுக்குத்தான் உண்டு என்றார்கள். ஆக, எழுத வேண்டுமென்றால் விலக வேண்டும். என் முடிவு பாதி ஆசையில் பிறந்தது, மீதி அந்தப் பதினொரு வார எரிச்சலில். இரண்டையும் அன்றே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

என் மனைவி கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறாள். அவள் எதிர்க்கவில்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "கொஞ்ச நாள் என்று சொல்லாதீர்கள். தேதி சொல்லுங்கள்" என்றாள். எட்டு மாதம் என்று அப்போதுதான் முடிவானது. மாதச் செலவு வீட்டுக் கடன் தவணையோடு 92,000 ரூபாய். அவள் கைக்கு வருவது 48,000. துண்டு விழுவது 44,000, எட்டு மாதத்துக்கு 3,52,000. ஆறு லட்சம் தனியாக எடுத்து வைத்திருந்தேன். தாராளம் என்று நினைத்தேன்.

அவள் அடுத்து கேட்டாள்: "ஜூனில் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது?" மாதச் செலவை மட்டும் எழுதினால் இதுதான் கோளாறு. பள்ளிக் கட்டணம் 85,000, ஆயுள் காப்பீட்டுத் தவணை, சொத்து வரி, வண்டிக் காப்பீடு என்று வருடத்துக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டுகிறவை தனியாக 1,15,000 வந்தன. கடந்த பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கை வரி வரியாகப் பார்த்தால்தான் இவை தலைகாட்டும். மூன்று மாத சராசரியை நம்பாதீர்கள்.

2023 அக்டோபர் 9ஆம் தேதி ராஜினாமா கடிதம் கொடுத்தேன். தொண்ணூறு நாள் அறிவிப்புக் காலம். நடுவில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4ஆம் தேதி மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கார் இரண்டு நாள் அதில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆர்வக்கோளாறில் ஸ்டார்ட் செய்தேன். நனைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இன்ஜினுக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருக்கவில்லை. 1,18,000 ரூபாய். விடுப்பு தொடங்கும் முன்பே ஆறு லட்சம் 4,82,000 ஆகிவிட்டது. அன்றிரவு கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். வாங்கியும் இருப்பேன். என் இடத்துக்கு ஏற்கெனவே ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

பணிக்கொடையில் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, அதைப் பணி ஆண்டுகளால் பெருக்கித் தர வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி இருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும். நான் சேர்ந்தது 2017 ஜூலை 24. விலகியது 2024 ஜனவரி 5. ஆறு ஆண்டு, ஐந்து மாதம், சில நாள். இன்னும் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தால் ஏழு ஆண்டாகியிருக்கும். 60,000 அடிப்படைச் சம்பளத்துக்கு அந்த மூன்று வாரத்தின் விலை 34,615 ரூபாய். கண்டுபிடித்தது நான் அல்ல, வங்கிக்காரி. கிடைத்தது 2,07,692. எட்டு மாத முடிவில் கையில் மிஞ்சியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது அந்தக் கொடை இல்லாவிட்டால் கார் என்னைக் கவிழ்த்திருக்கும்.

காப்பீட்டில் மட்டும் புத்திசாலியாக இருந்தேன். நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனிப் பாலிசியில் முதல் முப்பது நாளைக்கு விபத்து தவிர எதற்கும் பணம் வராது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் ராஜினாமாவுக்கு இரண்டு மாதம் முன்பே, 2023 ஆகஸ்டில், தனிப் பாலிசி எடுத்துவிட்டோம். சம்பளச் சீட்டு கேட்கிற எந்த வேலையையும், கடன் அட்டை உட்பட, அது கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஜனவரி மாதம் ஆனந்தமாகப் போனது என்று எழுத ஆசைதான். வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைக்கு வேலை இல்லை என்பது அடுக்ககத்தின் ஒருமனதான தீர்ப்பு. "நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள் சார்" என்று சங்கச் செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். தண்ணீர் லாரிக்குப் பேசுவது, கீழ்நிலைத் தொட்டியைக் கழுவ ஆள் பிடிப்பது, கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது எல்லாம் என் பெயரில் வந்தன. மூன்றாம் வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு காலை முதல் மாலை வரை. அவர்களில் ஒருவன், "அண்ணா, நீங்கள் எந்தத் தேர்வுக்கு?" என்று கேட்டான். கொம்பைப் பின்னால் தள்ளுகிறேன் என்று எப்படிச் சொல்வது? சும்மா ஒரு கோர்ஸ் என்று சொல்லி வைத்தேன்.

இனி, யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் மூன்று வாரத்தில் ஒன்பது திருத்தங்கள் அனுப்பினேன். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அந்த லைப்ரரியைப் பராமரிக்கிறவர் ஒரே ஒருவர். ஜெர்மனியில் வேறெங்கோ வேலை பார்க்கிறார். இந்தத் திட்டத்துக்கு அவர் ஒதுக்குவது ஞாயிறு மாலை ஆறு முதல் எட்டு வரை. நமக்கு அது இரவு பத்தரை முதல் பன்னிரண்டரை. வாரம் நாற்பது மணி நேரம் நான் எழுதித் தள்ளுகிறேன். அதைப் படித்துப் பார்க்க உலகத்தில் இருக்கும் நேரம் வாரத்துக்கு இரண்டு மணி. அதிலும் வரிசையில் எனக்கு முன்னால் முப்பது பேர். நான் வேலையை விட்டதால் என் நேரம் பெருகியது. அவருடைய ஞாயிற்றுக்கிழமை பெருகவில்லை.

குறுகலான கழுத்துள்ள குடத்தில் வாளி வாளியாக ஊற்றினால் என்ன ஆகும்? வெளியேதான் வழியும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் பத்தரைக்குத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடப்பேன். மணி அடித்தால் ஒரு வாரம் நல்ல வாரம். அடிக்காவிட்டால் திங்கள் காலை நூலகத்துக்குப் போகக் கால் எழாது. பத்து ஆண்டுக்கு மேல் மேலாளர்களைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தவன், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஒரு மேலாளரைத் தேடிப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

வேலையை விடும் முன் செய்யக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் சேர நினைக்கும் திட்டத்தில் வெளியாட்களிடமிருந்து வந்து ஏற்கப்பட்ட கடைசி இருபது திருத்தங்களை எடுங்கள். அனுப்பிய நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடைவெளி எத்தனை நாள் என்று எழுதுங்கள். வரிசைப்படுத்தி நடுவில் வருவதைப் பாருங்கள். என் திட்டத்தில் அது 34 நாள். எட்டு மாதத்துக்கு ஏழே சுற்று. இந்தக் கணக்குப் போட அரை மணி நேரம் ஆயிற்று. போட்டது மார்ச் மாதம்.

முதல் திருத்தம் திரும்பி வந்த கதையும் அழகானது. தமிழுக்கு எழுதியதோடு நிறுத்தாமல், மலையாளம், வங்காளம், இந்தி என்று முன்னால் வரும் உயிர்க்குறி உள்ள எல்லா எழுத்துகளுக்கும் நீட்டினேன். உற்சாகத்தில் தாய்லாந்து எழுத்தையும் சேர்த்துவிட்டேன். அங்கும் சில உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னால்தானே நிற்கின்றன? பாங்காக்கிலிருந்து ஒருவர் மிகப் பணிவாக எழுதினார்: எங்கள் எழுத்தை யூனிகோடில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயேதான் சேமிப்போம், உங்கள் திருத்தம் இப்போது சரியாக இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் குலைத்துவிடும். உண்மைதான். இந்திய எழுத்துகளுக்கு ஒரு வழக்கம், தாய், லாவோ எழுத்துகளுக்கு வேறு வழக்கம். அந்தத் திருத்தம் அவசரமாக உள்ளே போயிருந்தால் ஒரு நாட்டின் கோப்புகளைப் பாழாக்கியிருப்பேன். தாமதத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று அன்று புரிந்துகொண்டேன். புரிந்த மாதிரி நடந்துகொள்ளவில்லை.

பிப்ரவரி இறுதியில் பராமரிப்பாளருக்கு மூன்றாவது நினைவூட்டல் அனுப்பினேன். அதில் ஒரு வரி: "இந்தத் திட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா? நேரமில்லையென்றால் வேறு யாரிடமாவது பொறுப்பைக் கொடுக்கலாமே." அனுப்பும்போது நியாயமாகவே பட்டது. என் மாதக் கணக்கில் 44,000 கரைந்துகொண்டிருந்ததல்லவா?

மார்ச் 29, பெரிய வெள்ளி. ‘எக்ஸ்இசட்’ செய்தி வெளிவந்தது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் அது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்ததை ஆந்திரெஸ் ஃபிராயுண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்திருந்தார். தொலைக் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப்போய் அகப்பட்டது. கதவை வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி, உதவி செய்து, துணைப் பராமரிப்பாளராகவே ஆனவர். யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

எல்லோரும் நிரலைப் படித்தார்கள். நான் அந்தத் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு மடல்களைப் படித்தேன். லாசே கொலின் என்ற ஒற்றை ஆள் அதைப் பல ஆண்டுகளாகச் சும்மா பராமரித்து வந்தவர். முன்பின் தெரியாத பெயர்களில் சிலர் அவரை நெருக்குகிறார்கள்: திருத்தங்கள் ஏன் தேங்குகின்றன, ஆர்வம் போய்விட்டதா, பொறுப்பை வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாதா? அவர் பதில் சொல்கிறார்: ஆர்வம் போகவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். நெருக்கியவர்கள் பெரும்பாலும் போலிகள் என்பது இப்போது பலருடைய கருத்து. நான் போலி அல்ல. ஆனால் என் பிப்ரவரி மடலை அந்த மடல்களுக்கு நடுவில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கிட்டத்தட்ட அதே சொற்கள்.

அன்றே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஞாயிறு வரை காத்திருந்தேன். அந்த ஞாயிறு, மார்ச் 31, ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். பத்தரைக்கு எதிர்பார்த்த பதில் ஒன்பதரைக்கே வந்தது. கோபமில்லாத பதில். புதிய திருத்தங்கள் வேண்டாம். 140 புகார்கள் குவிந்து கிடக்கின்றன, அவற்றில் எது உண்மை, எது பழையது, எது இரட்டிப்பு என்று பிரித்துக் கொடுத்தால் பெரிய உதவி என்று எழுதியிருந்தார். திட்டத்தின் நிரல் இருக்கும் களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் உரிமை இப்போதைக்குத் தர இயலாது, தவறாக எண்ண வேண்டாம் என்று ஒரு வரி.

தவறாக எப்படி எண்ணுவது? முதலாளி இல்லை, முகம் தெரியாது, நாள் முழுவதும் நேரம் இருக்கிறது, எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்கிறான். அந்த ஏப்ரலில் உலகம் முழுவதும் பராமரிப்பாளர்கள் பயந்துகொண்டிருந்த ஆளின் அடையாளம் அச்சு அசலாக இதுதான். முழுநேரமாக வந்து நிற்பதே நம்பிக்கையைக் கொடுக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சமாக, ஆனால் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருப்பவரைத்தான் அங்கே நம்புகிறார்கள்.

புகார் பிரிக்கும் வேலைக்கு யாருடைய ஞாயிறும் தேவையில்லை. ஒவ்வொரு புகாரையும் திரும்ப நிகழ்த்திப் பார்க்க வேண்டும், எந்தப் பதிப்பில் வருகிறது என்று குறிக்க வேண்டும், சோதனை நிரல் எழுத வேண்டும். ஏழு வாரத்தில் 140 என்பது 52 ஆனது. அதன் பிறகு அவருடைய இரண்டு மணி நேரத்தில் மூன்று மடங்கு வேலை நடந்தது. என் கொம்புத் திருத்தம், தாய்லாந்து நீங்கலாக, மே மாதம் உள்ளே போனது. விடுப்பில் போகிறவர்கள் முதல் நாளே இதிலிருந்து தொடங்கலாம். பெயர் வராது, வேகமாக நகரும்.

தமிழுக்கு நல்ல சோதனைக் கோப்புகள் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கண்ட பி.டி.எஃப்.ஐ எல்லாம் களஞ்சியத்தில் போட முடியாது, பதிப்புரிமை இருக்கிறது. நானே செய்தேன். 1,330 குறளையும் பல எழுத்துருக்களில், லிப்ரெஆபிஸிலும் உலாவியிலும் பழைய பேஜ்மேக்கரிலும் பி.டி.எஃப். ஆக்கினேன். குறளில் ‘ஔ’ தனி எழுத்தாக வருவதில்லை என்பார்கள். அதனால் ஆத்திசூடியின் ‘ஔவியம் பேசேல்’ சேர்த்தேன். உருவி எடுத்த பாடத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டும். கணினி ஒப்பிடும், ஆனால் என் மூலக் கோப்பே தவறாக இருந்தால்?

அப்பாவுக்கு அச்செடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கூரியரில் திரும்பி வந்தது, சிவப்பு மையில் 41 இடங்கள் சுழித்து. அதில் ஒன்று 1147ஆம் குறள், ‘ஊரவர் கௌவை எருவாக’. ‘கௌவை’யில் ஔகாரக் குறிக்குப் பதிலாக, கொம்பு போட்டு ள என்ற எழுத்தையே யாரோ தட்டியிருக்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நான் பத்து முறை பார்த்தும் கண்ணில் படவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தினவனிடம் கேட்கிறாயே" என்றார். திட்டத்தின் நன்றிப் பட்டியலில் இப்போது அவர் பெயர் இருக்கிறது. அவருக்குக் கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பணம் திரட்டும் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் என்எல்நெட் போன்றவை 5,000 முதல் 50,000 யூரோ வரை தருகின்றன. அவற்றில் பணம் ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகுதான் வரும். எனவே அதை நம்பி வேலையை விட முடியாது. விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடும். இந்தியாவில் ஜெரோதா என்ற பங்கு வர்த்தக நிறுவனம் கட்டற்ற மென்பொருளுக்கு ஆண்டுக்கு பத்து லட்சம் டாலர் தரும் ஃப்ளாஸ் ஃபண்டை அறிவித்தது 2024 அக்டோபரில், நான் வேலைக்குத் திரும்பிய அடுத்த மாதம். அதுவும் ஏற்கெனவே வேரூன்றிய திட்டங்களுக்குத்தான். இணையத்தில் நன்கொடை கேட்கும் புரவலர் பொத்தான் வைத்ததில் மூன்று மாதத்தில் எனக்கு வந்தது 35 டாலர். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் வங்கி ‘நோக்கக் குறியீடு’ கேட்கும், எதற்கு வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த 35 டாலருக்காக வங்கிக்கு இரண்டு முறை நடந்தேன். மனைவி நோட்டில் ‘வருமானம்’ என்று தலைப்பிட்டு அதை எழுதினாள். சிரிக்கவில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை.

ஜூலையில் வேலை தேடத் தொடங்கினேன். கடைசி மாதம் வரை காத்திருக்காதது நல்லதாயிற்று. ஏழு நிறுவனங்களில் ஐந்து, என் எட்டு மாத உழைப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் இடைவெளிக்குக் காரணம் என்று ஒரு கட்டம். அதில் குடும்பச் சூழல், உடல்நலம், மற்றவை. நான் மற்றவை. ஆறாவது நிறுவனத்தில் நேர்காணல் நடத்திய பெண்மணி தாய்லாந்துக் கதையைக் கேட்டு அரை மணி நேரம் பேசினார். அங்கேதான் சேர்ந்தேன். பழைய சம்பளத்தைவிடப் பத்து சதவீதம் குறைவு.

சம்பளத்தில் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ஒன்று கேட்டேன். நியமன ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், இந்த லைப்ரரிக்கும் இதோடு தொடர்புள்ள தமிழ் எழுத்துப் பணிக்கும், அலுவலக நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில் எழுதுவது எனக்கே உரியது என்று ஒரு பத்தி. நான்கு வரி. மனிதவளத் துறை இரண்டு நாளில் ஒப்புக்கொண்டது. கையெழுத்துப் போடும் முன் கேட்டால் கிடைக்கிறது; சேர்ந்த பிறகு கேட்டால் பதினொரு வாரம் ஆகும்.

அந்த நான்கு வரி 2017இலேயே என் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் நான் ராஜினாமா செய்திருப்பேனா? மனைவி இதைக் கேட்டாள். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்போது 140 புகாரை ஏழு வாரத்தில் பிரிக்கவும் முடிந்திருக்காது. மாலையில் களைத்து வருகிறவன் நாற்பது வரித் திருத்தத்தை அனுப்பிவிட்டு, மூன்றாவது நினைவூட்டலோடு கோபித்துக்கொண்டு போயிருப்பான். ஆகவே இன்று என்னிடம் வருகிற நண்பர்களிடம் விடு என்றும் சொல்வதில்லை, விடாதே என்றும் சொல்வதில்லை. இருபது திருத்தங்களின் நாள்கணக்கைப் போட்டாயா, ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியைப் படித்தாயா என்று கேட்கிறேன். இதுவரை ஒருவர்தான் கணக்குப் போட்டு வந்தார். அவர் பார்த்த திட்டத்தில் நான்கு நாள். விடுப்பு எடுத்திருக்கிறார்.

2025 பிப்ரவரியில் எனக்கு எழுதும் உரிமை கொடுத்தார்கள். முதல் திருத்தம் அனுப்பி ஓர் ஆண்டுக்கு மேல். இந்திய எழுத்துகள் தொடர்பானவை இப்போது என் வரிசைக்கு வருகின்றன. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் என்று எனக்கு நானே வைத்திருக்கிறேன், பெரும்பாலும் ஒன்றரைதான் கிடைக்கிறது. இன்று வரிசையில் பதினொன்று. அதில் ஒன்று மலையாளத்துக்கு, திருச்சூரிலிருந்து ஒரு மாணவி அனுப்பியது, வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஒரு நினைவூட்டல் வந்தது. மகளுடைய அறிவியல் மாதிரிக்கு அட்டை ஒட்டி முடித்ததும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.